மாற்றுச் சாவி

வாசலில் வந்து நின்றதும், அவள் கேட்பதற்கு முன்பே தம்பி இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்துக்கொண்டான். வேலை முடிந்து வந்து இன்னும் சீருடையைக்கூட மாற்றாத அக்கா அவன் சட்டைப் பையிலிருந்து ஆரம்பித்தாள். ஒரு பேருந்துச் சீட்டு, கசங்கிய கைக்குட்டை. பேன்ட் பையில் ஒரு டெஸ்டர், கறுப்பு டேப் ஒரு சுருள். பெல்ட்டை ஒரு விரலால் சுற்றி வந்தாள். குனிந்து கணுக்கால் வரை தடவினாள். நிமிர்ந்து, "ஊது" என்றாள். ஊதினான். டீ வாசனை வந்தது. அதற்கடியில் வேறு ஏதாவது ஒளிந்திருக்குமோ என்று இன்னொரு முறை ஊதச் சொன்னாள். அதற்கடியிலும் டீதான் இருந்தது.

"சரி, உள்ள வா" என்றாள். அப்படிச் சொன்னபோது அவளுக்கு நிம்மதி வரவில்லை. ஒன்றும் கிடைக்காத நாட்களில்தான் அவள் மனசு அதிகமாக அடித்துக்கொள்ளும்.

அவளுக்குத் தொழிலே அதுதான். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில், பெண்கள் வெளியேறும் வாசலில், பச்சைத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒவ்வொருத்தியையும் தடவிப் பார்த்து அனுப்ப வேண்டும். தையல் பிரிவில் அவளுக்கு 'ஸ்கேனர்' என்று பெயர். அவள் காதுபடவே சொல்வார்கள், அவளும் கோபித்துக்கொள்வதில்லை. சாப்பாட்டு டப்பாவின் அடித்தட்டில் பொத்தான்கள், கொண்டைக்குள் ஜிப்புகள், ஒருமுறை வயிற்றில் துணி சுற்றிக் கர்ப்பிணியாகவே வந்துவிட்ட ஒருத்தி, எல்லாம் பார்த்தாகிவிட்டது. இத்தனை வருடத்தில் தனக்கென்று சில விதிகளைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். சிடுசிடுவென்று நிற்பவளிடம் ஒன்றும் இருக்காது. வீட்டுக் கதை பேசிக்கொண்டே வருபவளிடம் ஏதாவது இருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், கேட்பதற்கு முன்பே கையை விரிப்பவளை இரண்டு முறை பார்க்க வேண்டும்.

தம்பி ஒருநாள்கூடக் கேட்கும்வரை காத்திருந்ததில்லை.

இந்தச் சோதனையை ஏற்பாடு செய்தவளும் அவள் அல்ல. குடியை விட வைக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு துணிப்பையோடு வந்து இறங்கிய அன்றைக்கே, "அக்கா, தினம் என்னைச் செக் பண்ணிட்டு உள்ள விடு. நீ செக் பண்ணலன்னா நான் வாசல்லயே படுத்துக்கிறேன்" என்று சொன்னவன் அவன்தான். திருடனே பூட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? இதற்கு முன்னாலும் அவன் திருந்தியிருக்கிறான், ஒரு தடவை இல்லை, பல தடவை. ஒவ்வொரு முறையும் அம்மாவின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்திருக்கிறான். அம்மாவும் தலையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இப்போது அம்மா இல்லை. சத்தியம் செய்யத் தலை கிடைக்காமல், இந்த முறை இயேசுவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான்.

அவளுக்கு இயேசு புதியவர் இல்லை. பிறந்ததிலிருந்து தெரிந்தவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயத்தில் நான்காம் வரிசை ஓரத்தில் உட்காருவாள். சிலுவையில் அறையப்பட்டு, மரித்து, அடக்கம் பண்ணப்பட்டு, மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்று எல்லோரோடும் சேர்ந்து ஒரு வார்த்தை பிசகாமல் சொல்லுவாள். அதைச் சொல்லும்போது அவளுக்கு எந்தச் சந்தேகமும் எழுந்ததில்லை. எங்கோ, யாருக்கோ, எப்போதோ நடந்த விஷயத்தை நம்புவதில் என்ன கஷ்டம்? கஷ்டம் எல்லாம் முன்னறையில் பாய் விரித்துப் படுத்திருப்பவனை நம்புவதில்தான்.

உள்ளறையின் கூரையில் ஒரு கொக்கி தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா படுத்த படுக்கையாக இருந்த கோடையில், அந்தக் கொக்கியில் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைத் தம்பி கழற்றிக்கொண்டு போனான். அவன் எலக்ட்ரீஷியன், அம்மாவின் தூக்கம் கலையாமல் சுத்தமாகக் கழற்றத் தெரிந்தவன். விற்றுக் குடித்தான். விசிறி எங்கே என்று அம்மா கேட்டபோது, ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று அக்காவே பொய் சொன்னாள். "வந்துடுச்சாடி?" என்று அம்மா தினமும் கேட்டாள். ஒரு பழைய காலண்டர் அட்டையால் அக்கா விசிறிக்கொண்டே, "நாளைக்கு வந்துடும்மா" என்றாள். விசிறியும் வரவில்லை, விசிறியைக் கொண்டுபோனவனும் வரவில்லை. அம்மாவை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தின் வெளிச்சுவர் ஓரமாக யாரோ நின்றதாகச் சிலர் சொன்னார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அதன்பிறகு அந்தக் கொக்கியில் வேறு விசிறி மாட்டவும் இல்லை.

அப்படிப்பட்டவனை ஏன் வீட்டுக்குள் விட்டாள்? கட்டிக்கொண்டவன் சொல்லாமல் கொள்ளாமல் வேறொரு வீட்டுக்குக் குடிபோய்விட்டான். அம்மாவும் போய்விட்டாள். கல்லூரிக்குப் போகும் மகளைத் தவிர இந்த உலகத்தில் அவளுக்கு மிச்சம் இருப்பது இவன் ஒருவன்தான். சிரிக்கும்போது அவனுக்கு இடது கண் அம்மாவுக்குச் சுருங்குவதுபோலவே சுருங்கும். அதற்காகத்தான் விட்டாளோ என்னவோ.

விட்டாளே தவிர, இரவானால், இருபக்கமும் சாவி போடும் வாசல் கதவைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தாள். வெளியே இருப்பவர்கள் உள்ளே வராமல் இருக்க ஊரில் எல்லோரும் பூட்டுவார்கள். அவள் உள்ளே இருப்பவனுக்காகவும் பூட்டினாள். அது அவனுக்கும் தெரியும். பகலில் அவனிடம் சாவி கிடையாது. மோட்டார் கட்டும் பட்டறையில் வேலை முடிந்து அவளுக்கு முன்பே வந்துவிட்டால், இரண்டாவது மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பான். மேல் வீட்டுக்காரர்கள் அவனைத் தாண்டித் தாண்டிப் போவார்கள்.

"மாமாவுக்கு ஒரு சாவி குடுத்தா என்னம்மா?" என்று மகள் பல நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "பார்சல் மாதிரி படியில உட்கார வெச்சிருக்க. பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"பாக்கறவங்க வீட்டுல விசிறி பத்திரமா இருக்குடி. அவங்க என்ன வேணா நினைப்பாங்க."

பெரிய வெள்ளி ஆராதனைக்கு மூவரும் சேர்ந்தே போனார்கள். தம்பி கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டான். போதகர் இருமல்காரர், ஒவ்வொரு வாக்கியத்தையும் இருமி இருமித்தான் கரை சேர்ப்பார். சிலுவையில் இயேசுவின் கைகளை யாரும் இழுத்து விரிக்க வேண்டியிருக்கவில்லை, அவராகவே கொடுத்தார் என்று சொல்லிவிட்டு ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தன்னுடைய விதிப்படி பார்த்தால் இயேசுவையும் அல்லவா இரண்டு முறை சோதிக்க வேண்டும்? சிரிப்பு வந்தது, பெரிய வெள்ளியும் அதுவுமாக. உயிர்த்தெழுந்தவரின் காயத்தில் விரலை விட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று அடம்பிடித்த தோமாவைச் சிறுவயதிலிருந்தே அவளுக்குப் பிடிக்கும். எல்லோரும் திட்டும் அந்த ஆள் தன் வேலையைத்தானே செய்தான் என்று தோன்றும்.

திரும்பிப் பார்த்தாள். தம்பி அழுதுகொண்டிருந்தான். உதட்டைக் கடித்து, சத்தம் வராமல், தோள் குலுங்க அழுதான். தொழிற்சாலை வாசலில் பிடிபட்டவர்களின் அழுகையை நிறையப் பார்த்தவள் அவள். விரல் இடுக்கு வழியாக எதிராளியைப் பார்த்துக்கொண்டே அழுவார்கள். இவன் யாரையும் பார்க்கவில்லை. நன்றாக நடிக்கிறான் என்று ஒரு மனசு சொன்னது. அப்படிச் சொன்ன மனசை அவளுக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் தலையைத் திருப்ப முடியாமல் கடைசிவரை அவனையே கண்காணித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்தபிறகுதான் ஒரு பாட்டுகூடப் பாடவில்லை என்பது ஞாபகம் வந்தது.

மறுநாள் சனிக்கிழமை. ஈஸ்டர் அதிகாலை ஆராதனையில் வேத வாசிப்பு மகளுடையது. மாலையில் முன்னறையில் நடந்துகொண்டே சத்தமாக வாசித்துப் பழகினாள். அக்கா ஆராதனைக்குக் கட்டும் சேலையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தம்பி தரையில் உட்கார்ந்து, கீழ்வீட்டுக்காரரின் மிக்ஸியைப் பிரித்துப் போட்டிருந்தான்.

விடியும் முன்னே ஒரு பெண் கல்லறைக்கு வருகிறாள். கல் புரண்டு கிடக்கிறது. உள்ளே உடல் இல்லை. எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று அலறிக்கொண்டு ஓடுகிறாள். சீஷர்கள் வந்து பார்க்கிறார்கள். சுற்றியிருந்த துணிகள் கிடக்கின்றன, தலையில் கட்டியிருந்த துணி மட்டும் தனியாக மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

"பாத்தியா" என்றாள் அக்கா, இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு. "முதல்ல போனவளுக்கே திருட்டுன்னுதான் தோணியிருக்கு. சும்மா சொல்லக்கூடாது, அவதான் விவரமானவ."

மகள் சிரித்தாள். தம்பி சிரிக்கவில்லை. கையிலிருந்த சின்ன பிரஷ்ஷைக் கீழே வைத்தான்.

"திருடறவன் துணிய மடிச்சு வைக்கமாட்டான், அக்கா."

அவனே தொடர்ந்தான். "எனக்குத் தெரியும். நான் போன இடத்துல எதையும் மடிச்சு வெச்சதில்ல. கை நடுங்கும். எப்படா வெளிய போவோம்னு இருக்கும். அன்னிக்கு அம்மா ரூம்ல விசிறியக் கழட்டறப்ப ஸ்டூல்கூட அப்படியே விட்டுட்டுத்தான் போனேன்." மிக்ஸி பிளேடைக் கையில் எடுத்துப் பார்த்தான். "ஆஸ்பத்திரியில ஒருத்தர் வந்து இந்தப் பகுதியத்தான் வாசிச்சாரு. மத்ததெல்லாம் எனக்குக் கதை மாதிரி இருந்துச்சு. இந்த ஒரு துணிதான் மனசுல மாட்டிக்கிச்சு. எடுத்துட்டுப் போனவன் மடிச்சிருக்கமாட்டான். எழுந்தவன்தான் மடிச்சிருப்பான். அவசரமே இல்லாம, காலையில எழுந்து பாயச் சுருட்டறவன் மாதிரி. செத்துக் கெடந்த ஒருத்தர் அப்படி எழுந்தாருன்னா… நானும் எழுந்துடலாம்னு நினைச்சேன். அவ்வளவுதான்."

"நீ என்னிக்குடா பாயச் சுருட்டியிருக்க?" என்றாள் அக்கா. கேட்ட பிறகு வாய்க்குச் சூடு வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் அது உண்மைதான். இன்றுவரை அவன் எழுந்து போன இடத்தில் போர்வை செத்த பாம்பு மாதிரி சுருண்டு கிடக்கும். அவள்தான் திட்டிக்கொண்டே உதறி வைப்பாள்.

அவன் மறுபடி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டான். "அதுவும் சரிதான்" என்றான்.

அவள் ஏற்கெனவே தேய்த்த இடத்தையே மறுபடி தேய்த்தாள். நம்பிவிடுவோமோ என்று பயந்துபோனாள். இவனை நம்புவதற்கு அவள் உடம்பில் இனிமேல் தெம்பு இல்லை. நம்பி, அது உடைந்து, மறுபடி பொறுக்கி எடுத்து ஒட்டவைக்க முடியாது. இன்றைக்கே தெரிந்துவிட வேண்டும், உண்டு இல்லை என்று.

தொழிற்சாலையில் புதிதாகச் சேர்பவர்களுக்கு ஒரு பொறி வைப்பார்கள். கழிப்பறை ஜன்னல் ஓரத்தில் விலையுயர்ந்த பொத்தான் பாக்கெட் ஒன்றை யாரோ மறந்துவிட்டதுபோல வைத்துவிட்டு, வாசலில் காத்திருப்பார்கள். அந்தப் பொறியை அவள் என்றைக்கும் மதித்ததில்லை. கேவலமான வேலை என்று மேற்பார்வையாளரிடமே சொல்லியிருக்கிறாள். அதே வேலையை அன்று சாயங்காலம் தன் வீட்டில் செய்தாள். தம்பி குளிக்கப் போன நேரத்தில் பீரோவைத் திறந்து, அம்மாவின் கம்மல் இருந்த சின்ன சிவப்பு டப்பாவை எடுத்து, முன்னறை அலமாரியில் சீப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். மூடியைக் கொஞ்சம் திறந்தாற்போல விட்டாள். படுக்கப் போகும்போது கதவைப் பூட்டி, சாவியை எடுக்காமல் பூட்டிலேயே விட்டாள்.

இது கடைசி என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். கம்மல் போனால் தம்பியும் போனான், தேடமாட்டேன். கம்மல் இருந்தால் நாளைக்கு ஈஸ்டர் சாப்பாட்டுக்கு முன்னால் அவன் கையில் ஒரு சாவி கொடுப்பேன். மாற்றுச் சாவி அவளுடைய கைப்பையின் உள்ஜிப்பில் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுத்தாள். ஆண்டவரே, அவன் எடுக்கக்கூடாது என்று வேண்டினாள். பொறியையும் வைத்துவிட்டு எலிக்காகவும் ஜெபம் பண்ணும் தன் புத்தியை நினைத்து இருட்டிலேயே முகம் சுளித்தாள்.

ஆராதனைக்கு எழுப்ப அலாரம் வைத்திருந்தும் அதற்கு முன்பே விழிப்பு வந்துவிட்டது. ஜன்னலில் இன்னும் சாம்பல் நிறம்தான். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதியே அவளுக்குப் பிடிக்கவில்லை. எழுந்து முன்னறைக்கு வந்தாள்.

தம்பி இல்லை.

குளியலறையில் பார்த்தாள், இல்லை. கதவுக்குப் போனாள். பூட்டில் சாவி இல்லை. இழுத்துப் பார்த்தாள். வெளியிலிருந்து பூட்டியிருந்தது. அலமாரிப் பக்கம் திரும்பினாள். சீப்பு இருந்தது. சிவப்பு டப்பா இல்லை.

அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆச்சரியமே வரவில்லை. வெகுகாலமாகத் தெரிந்த ஒரு செய்தியை யாரோ மறுபடி வந்து சொன்னதுபோல இருந்தது. எழுந்தானாம், மடித்தானாம். இந்த முறை வாயாலேயே அல்லவா விசிறியைக் கழற்றியிருக்கிறான்! துரத்திக்கொண்டு வரக்கூடாது என்று வெளியே பூட்டிவிட்டு வேறு போயிருக்கிறான்.

"எடுத்துட்டுப் போயிட்டான்!" என்று கத்தினாள். "ஏய், எழுந்திருடி! உன் மாமா எடுத்துட்டுப் போயிட்டான்!"

மகள் தலைமுடி கலைந்து ஓடிவந்தாள். "என்னம்மா? எதை?"

"உன் ஆயா கம்மலடி! அங்க வெச்சிருந்தேன். டப்பாவோட காணோம். சாவியையும் தூக்கிட்டு, நம்மள உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போயிருக்கான் பாரு!"

மகள் வெறும் அலமாரியைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"நான்தாம்மா எடுத்தேன்."

"என்ன?"

"நீ வெச்சதப் பாத்தேன். படுக்கப் போறதுக்கு முன்னாடி எடுத்து என் பைக்குள்ள போட்டுட்டேன்."

"ஏண்டி? சாவி குடு, சாவி குடுன்னு தினம் உயிர எடுத்தவ நீதானே?"

"சொன்னேன்தான்." மகள் முகத்திலிருந்து கையை எடுத்தாள். "ஆனா எனக்கும் பயமா இருந்துச்சும்மா. ராத்திரி மாமா அதப் பாத்து, கை நீண்டுடுச்சுன்னா? அப்புறம் மாமாவே நமக்கு இல்லாமப் போயிடுவாரே."

பொறியில் இரையே இல்லாமல் இரவு கழிந்திருக்கிறது. எடுத்தான் என்றும் இல்லை, எடுக்கவில்லை என்றும் இல்லை. அவன் அந்த அலமாரிப் பக்கம் போனானா என்பதுகூட இனி யாருக்கும் தெரியாது. இவ்வளவு காலமும் அவனுக்காக வாதாடிய இந்தப் பெண்ணும் உள்ளுக்குள் அவளைப் போலத்தான் இருந்திருக்கிறாள். அது அவளுக்கு ஏனோ கொஞ்சம் ஆறுதலாகவும், அதைவிட அதிகமாக வருத்தமாகவும் இருந்தது.

"சர்ச்சுல நாற்காலி போடப் போயிருப்பாரும்மா" என்றாள் மகள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "வெட்டவெளி ஆராதனைக்கு ஆள் வேணும்னு போதகர் சொல்லிட்டிருந்தாரு."

"சொல்லிட்டுப் போறதுக்கு என்ன?"

"நீ தூங்கிட்டிருந்திருப்ப."

"எதுக்கு வெளிய பூட்டணும்?"

"ரெண்டு பொம்பளைங்க தூங்கறப்ப கதவத் திறந்து போட்டுட்டா போவாங்க?"

இரண்டுக்கும் அவளால் பதில் சொல்ல முடியும். மகள் சொன்னபடியும் இருக்கலாம், சொல்லாதபடியும் இருக்கலாம். பையில் மாற்றுச் சாவி இருந்தது. திறந்துகொண்டு தெருமுனை வரை ஓடினால் நிஜம் தெரிந்துவிடும். கைப்பையின் ஜிப்பைத் திறந்து சாவியைக் கையில் எடுத்தாள். கதவை நோக்கித் திரும்பியபோதுதான் பாயைப் பார்த்தாள்.

பாய் சுருட்டிச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் பக்கத்தில் தரையில் போர்வை. நான்காக மடித்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, மேலே கையால் தடவிச் சுருக்கம் எடுத்ததுபோல இருந்தது. அந்தப் போர்வை அவன் கையில் அப்படி இருந்து அவள் பார்த்ததே இல்லை.

அவள் மனசு சும்மா இருக்குமா? மடித்து வைத்தால் அக்கா நம்பிவிடுவாள் என்று நேற்று சாயங்காலம் அவனுக்குத்தானே தெரிந்துபோயிற்று? சொல்லிவிட்டுச் செய்தால் அதற்கு என்ன அர்த்தம்? கேட்பதற்கு முன்பே கையை விரிப்பவன் அல்லவா அவன்?

போர்வையின் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்தாள். சாவியைத் தரையில் வைத்தாள். பழக்க தோஷத்தில் அவள் கை ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் நுழைந்து, ஓரங்களைத் தடவி, மூலைகளை அழுத்திப் பார்த்தது. ஒன்றும் இல்லை. பழைய பருத்தி, கொஞ்சம் எண்ணெய் வாசனை, பட்டறைக் கிரீஸ் வாசனை. ஊதச் சொன்னால் வருமே, அந்த டீயின் வாசனைகூட இருந்ததோ என்னவோ.

தேடியதில் போர்வை கலைந்துவிட்டிருந்தது.

தூரத்தில் தேவாலய மணி அடிக்க ஆரம்பித்தது. "அம்மா, நேரமாச்சு, நான் வாசிக்கணும். கதவத் திறக்கலாம்மா" என்றாள் மகள்.

"கொஞ்சம் இரு" என்றாள் அவள். "பூட்டினவன் வந்து திறக்கட்டும்."

சொல்லிவிட்டுப் போர்வையை மடியில் இழுத்து விரித்தாள். அவன் மடித்த கோடுகள் துணியில் இன்னும் லேசாகத் தெரிந்தன. அந்தக் கோடுகள் மேலேயே, ஒன்றுகூடத் தவறாமல், மறுபடி மடிக்க ஆரம்பித்தாள். கீழே படிக்கட்டில் செருப்புச் சத்தம் ஒன்று ஏறி வந்துகொண்டிருந்தது. மேல் வீட்டுக்காரர்களாகவும் இருக்கலாம். அவள் நிமிரவில்லை. கடைசி மடிப்பின் மேல் உள்ளங்கையை வைத்து, சுருக்கம் போகும்வரை மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தாள்.